கிராஃப்ட்: ஒட்டா, பதியமா?

தீக்காய வார்டில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஸ்கின் கிராஃப்ட்’. வீட்டார் அதை ‘தொடைச் சதையை எடுத்து வைத்தார்கள்’ என்பார்கள். உண்மையில் சதையைத் தொடுவதே இல்லை. சீவிப் புண்மேல் வைப்பது தோலின் மேற்பகுதியை மட்டும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது.

சொல்லின் வேர் கிரேக்கத்தின் ‘கிராஃபியோன்’, அதாவது எழுத்தாணி. லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒட்டுக்கட்டுவதற்குக் கூராகச் சீவிய குச்சி எழுத்தாணி போல இருந்ததால் அந்தப் பெயர் தோட்டத்துக்குள் நுழைந்தது. 1869-இல் பாரிசில் ஜாக் லூயி ரெவெர்டின் என்ற மருத்துவர் சின்னச் சின்ன மேல்தோல் துணுக்குகளைப் புண்மேல் வைத்துப் பிடிக்கச் செய்தார். அவர் வைத்த பெயரும் தோட்டக்காரர் சொல்தான்: ‘கிரெஃப்’.

தமிழ்ச் சொல் தேட நாமும் மாந்தோப்புக்குப் போனால் போதும். ஒட்டுமாங்கன்று இருக்கிறதே, அந்த ‘ஒட்டு’. தோல் ஒட்டு. வைத்த தோல் முதல் ஓரிரு நாள் அடியில் ஊறும் நீரை உறிஞ்சியே பிழைக்கும். அப்புறம் கீழிருந்து இரத்தக் குழாய்கள் வந்து இணையும். ஐந்தாம் நாள் வாக்கில் கட்டைப் பிரித்து, இளஞ்சிவப்பாக இருந்தால் ‘ஒட்டுப் பிடித்துவிட்டது’ எனலாம்.

‘தோல் பதியம்’ என்றும் சொல்லலாமே என்றால், எனக்கு ஒப்பவில்லை. பதியத்தில் கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே மண்ணில் வேர்விட வைக்கிறோம். கிராஃப்டோ அடியோடு அறுத்தெடுத்த தோல். நெற்றித் தோலை ஒரு முனை அறுபடாமல் திருப்பி மூக்கு அமைக்கும் பழைய இந்திய முறைக்கு வேண்டுமானால் பதியம் அச்சாகப் பொருந்தும்.

சரி, உயிரினங்களிடமிருந்து எடுத்த பொருளால் புண்ணை மூடும் ‘பயாலஜிக்கல் டிரெஸ்ஸிங்’குக்கு என்ன சொல்? பனிக்குடச் சவ்வு, பன்றித்தோல், கொலாஜன் என்ற புரதத்தால் ஆன தாள், பிரேசிலில் திலாப்பியா மீன்தோல் எல்லாம் இதில் அடக்கம். இறந்தவர் தந்த தோலும் பார்வைக்குத்தான் ஒட்டு. சில வாரங்களில் உடல் அதைத் தள்ளிவிடும். தீக்காயப் பெண் ஒருவருக்கு அவருடைய சகோதரரின் தோலையே வைத்தும் நிற்கவில்லை. இரண்டாம் முறை வைத்தது இன்னும் சீக்கிரமாக அழிந்தது என்று 1943-இல் கிப்சன், மெடவார் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆக, இவை நிலைக்க வந்தவை அல்ல. நீர் வற்றாமல், கிருமி ஏறாமல், வலி தணிய, சொந்தத் தோல் வரும்வரை மூடிவைப்பவை. டிரெஸ்ஸிங்கை ‘ஆடை’ என்று பெயர்த்தால் சிரிப்புதான் வரும். ‘உயிரி மூடாக்கு’ என்பேன். ஈரம் காக்கத் தென்னை மூட்டில் மட்டையும் சருகும் பரப்புகிறோமே, அந்த மூடாக்கு.