‘இன்ட்ரான்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர் (மாறிய மரபணு ஒன்றைச் சுமப்பவர்) என்று தெரிந்த பிறகு சென்னையில் என்னிடம் மரபணு ஆலோசனைக்கு வரும் தம்பதிகளில் பலர், இணையத்தில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். "மாற்றம் இன்ட்ரான்லதானே மேடம் இருக்கு? அது புரதம் ஆகாத பகுதியாமே, அப்புறம் எதுக்குக் கவலைப்படணும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நம்பிக்கையில் கர்ப்பத்தின் முதல் மாதங்களைக் கடத்திவிடக் கூடாது.

இன்ட்ரான் என்றால் என்ன என்று புரிய, பாக்டீரியாவோடு நம்மை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாக்டீரியாவின் மரபணு பெரும்பாலும் இடையில் எதுவும் குறுக்கிடாத ஒரே தொடர். ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். அதில் பெரும்பகுதி புரதத்துக்கானது. நம் டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருந்தும், புரதமாவது 2 சதவீதம்கூட இல்லை. மரபணுக்களுக்கு உள்ளேயே புரதமாகாத துண்டுகள் குறுக்கிடுகின்றன. அவைதான் இன்ட்ரான்கள். 1977இல் இதைக் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸுக்கும் பிலிப் ஷார்ப்புக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் இந்த வேறுபாடு? பாக்டீரியாவுக்கு நியூக்ளியஸ் (டிஎன்ஏவைத் தனியே வைத்திருக்கும் உட்கரு) கிடையாது. மரபணுவின் நகலான ஆர்என்ஏ உருவாகிக்கொண்டிருக்கும்போதே, புரதம் செய்யும் கருவியான ரைபோசோம் வந்து புரதம் செய்ய ஆரம்பித்துவிடும். நடுவில் வெட்டி ஒட்ட அவகாசமே இல்லை. நல்ல சூழல் கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும் உயிர் அது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் சின்னச் சுமையைக்கூட இயற்கைத் தேர்வு கழித்துவிடும். நம் செல்லில் ஆர்என்ஏ நியூக்ளியஸுக்குள் உருவாகி, இன்ட்ரான்கள் நீங்கிய பிறகுதான் வெளியே வருகிறது. மிச்சத் துண்டுகளை வெவ்வேறு விதமாகச் சேர்க்கவும் முடிவதால், சுமார் 20,000 மரபணுக்களிலிருந்து அதைவிடப் பல மடங்கு வகைப் புரதங்கள் நமக்குக் கிடைக்கின்றன.

சிக்கலும் இங்கேதான். எங்கே வெட்ட வேண்டும் என்ற அடையாளம் பெரும்பாலும் இன்ட்ரானின் ஓரத்தில் இருக்கிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணம், ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியான பீட்டா குளோபினுக்குரிய மரபணுவின் முதல் இன்ட்ரானில் 5ஆவது எழுத்து ஜி-க்குப் பதில் சி ஆவது. புரதத்துக்கான எழுத்துகளில் ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் வெட்டும் இடம் பிசகி, சரியான குளோபின் மிகக் குறைவாகவே உருவாகிறது. இன்ட்ரானில் வரும் எல்லா மாற்றமும் இப்படியல்ல, பெரும்பாலானவை தீங்கற்றவை. எது எப்படிப்பட்டது என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கேரியருக்குப் பொதுவாகத் தொந்தரவு இருக்காது. லேசான ரத்தசோகையை இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு. கணவன், மனைவி இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு. நோய் கடுமையாக இருந்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ரத்த அணுப் பரிசோதனையோடு ஹெச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவையும் பார்த்தால் பெரும்பாலான கேரியர்களைக் கண்டுபிடித்துவிடலாம். கல்யாணத்துக்கு முன்பே பார்ப்பது நல்லது. மனைவி கேரியர் என்று வந்தால் அதே வாரம் கணவருக்கும் பாருங்கள். இருவருக்கும் இருந்தால், சுமார் 11ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடியில் சிறு மாதிரி எடுத்துக் குழந்தையின் மரபணுவைப் பார்க்க முடியும். அதற்குள் பெற்றோரின் மாற்றம் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.