தோட்டாக் கூட்டின் கழுத்து ஏன் விரிசல் விடுகிறது?

அமெரிக்காவில் ரைஃபிள் சுடும் பலர் காலித் தோட்டாவை எறிவதில்லை. மிஞ்சும் பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். ஒரே கூடு பலமுறை உழைக்கும். ஆனால் சில தடவைகளுக்குப் பிறகு, குண்டைக் கவ்வியிருக்கும் கழுத்தில் முடி கனத்தில் நெடுக்கு வாட்டாக ஒரு கீறல் தெரியும். மருந்து கூடிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் கோளாறு மருந்தில் இல்லை, பித்தளையில்.

இந்தப் பித்தளையில் 70% செம்பு, 30% துத்தநாகம். சுடும்போது கழுத்து விரிகிறது; அச்சு அதைத் திரும்பச் சுருக்குகிறது. ஒவ்வொரு முறையும் உலோகத்துக்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன. அப்படி நழுவும்போது உண்டாகும் பிசகுகள் நூல் சிக்கல்போல் பின்னிக்கொண்டு, அடுத்த நழுவலுக்கு வழிவிடாமல் அடைக்கின்றன. உலோகம் இறுகிவிடும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிந்துபோவதும் இதனால்தான். கீறல் விழுவதற்கு முன்பே ஓர் அறிகுறி உண்டு. இறுகிய கழுத்து அச்சை விட்டு வந்ததும் கொஞ்சம் விரிந்துகொள்ளும். குண்டைக் கவ்வும் பிடி கூட்டுக்குக் கூடு மாறுபட, இலக்கில் குண்டுகள் சிதறும்.

இதற்குத் தீர்வு நெருப்பு. நம் பாத்திரப் பட்டறைகளில் தட்டித் தட்டி இறுகிய தகட்டை இடையிடையே உலையில் காய்ச்சுகிறார்களே, அதே வித்தைதான். சூட்டில் பழைய படிகங்கள் கரைந்து, சிக்கலில்லாத புதுப் படிகங்கள் முளைக்கின்றன. ஆனால் சூடு கழுத்தோடு நிற்க வேண்டும். .30-06 என்ற ரைஃபிள் தோட்டாவில், சுடும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகலாம். அதைத் தாங்குவது கூட்டின் கெட்டியான அடிப்பகுதி. அது இளகிவிட்டால் கூடு கிழிந்து, சுடுபவர் முகத்துக்கு நேரே வாயு பீறிடும். இந்த ஒன்றில் அலட்சியமே கூடாது.

ஒருமுறைகூடச் சுடாத தோட்டாவும் வெடிப்பு விடுவதுண்டு. அந்தக் கதை நடந்தது இந்தியாவில். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. பெட்டியைத் திறந்தால் கூடுகளில் விரிசல்! மழையோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. காரணத்தை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா. ஈரக்காற்றில் அது செம்போடு சேர்ந்து பித்தளையை அரிக்கிறது. வெறும் அரிப்பென்றால் மேலே கறைதான் படியும். கூட்டை இழுத்து நீட்டி உருவாக்கியபோது உள்ளே தங்கிவிட்ட இழுவிசை, அரித்த இடத்தைப் பிளக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் விரிசல். சுமார் 250 டிகிரி செல்சியஸில் காய்ச்சினால் கெட்டித்தன்மை குறையாமல் இழுவிசை மட்டும் தளர்ந்துவிடும்.

இதனால்தான் தோட்டாக் கூட்டுக்கு அமோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் போடவே கூடாது. ஒரே நாளில் பளபளக்கும். விரிசலோ மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிழல் படிந்திருப்பதைப் பார்க்கலாம். புதிதாக வாங்கியவர்கள் அழுக்கென்று நினைத்து அதைத் தேய்க்கிறார்கள். ஆலையில் கழுத்தைக் காய்ச்சியபோது விழுந்த தடம் அது.