செப்சிஸும் ‘குருதி நச்சேற்றமும்’

‘ரத்தத்தில் விஷம் கலந்ததால் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்’ என்ற வரியை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? ஐ.சி.யூ.வில் கிடந்தவருக்கு யாரும் விஷம் வைக்கவில்லை, பாம்பும் தீண்டவில்லை. அவருக்கு வந்தது செப்சிஸ். செய்தியில் ‘விஷம்’ என்றால், நல்ல தமிழில் எழுதுகிறோம் என்பவர்கள் ‘குருதி நச்சேற்றம்’ என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. பொருள்தான் தப்பு.

செப்சிஸ் கிரேக்கச் சொல், அழுகல் என்று பொருள். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்தே மருத்துவத்தில் புழங்குகிறது. செப்டிக் டேங்க், ஆன்டிசெப்டிக் களிம்பு, ‘புண் செப்டிக் ஆயிடுச்சு’ எல்லாம் அதே வேர்தான். 1914இல் ஜெர்மானிய மருத்துவர் ஹூகோ ஷொட்முல்லர், உடம்பில் ஓரிடத்தில் குடிகொண்ட கிருமி அங்கிருந்து ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருப்பதைச் செப்சிஸ் என்றார். இன்றைய வரையறை 2016இல் வந்தது: தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்வினை கட்டுமீறிப் போய், சொந்த உறுப்புகளையே செயலிழக்க வைத்து, உயிருக்கே ஆபத்தாகும் நிலை. ‘கடும் செப்சிஸ்’ என்ற பிரிவையும் அப்போதே கைவிட்டார்கள். செப்சிஸ் என்றாலே கடுமைதானே.

இந்த வரையறையில் நஞ்சு எங்கே இருக்கிறது? சில கிருமிகள் நச்சுப்பொருள் சுரப்பது உண்மை. ஆனால் நஞ்சு என்றதும் தமிழ் காதுக்குக் கேட்பது வேறு: யாரோ கொடுத்தது, முறிமருந்து உள்ளது, வெளியேற்றினால் தீர்வது. வார்டு வாசலில் ஒரு அம்மா கேட்டதை என் காதால் கேட்டேன்: “ரத்தத்துல விஷம் ஏறிடுச்சாம். வேற ரத்தம் மாத்திட்டா பொழைச்சுக்குவாரா தம்பி?” அவர் மகன்கள் அதற்குள் ரத்தம் கொடுக்க ஆள் தேடிக் கிளம்பிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தை அலையவிட்டது அந்த ஒற்றைச் சொல்.

‘குருதி’ என்ற பாதியும் நிற்காது. செப்சிஸ் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினால் எதுவும் வளராது. தொற்று நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ வயிற்றிலோ இருக்கும், கேடு மட்டும் உடம்பு முழுக்கப் பரவும். மறுபக்கம், பல் துலக்கும்போதுகூடக் கொஞ்சம் பாக்டீரியா ரத்தத்தில் ஏறிச் சற்று நேரத்தில் மறையும், அதனால் யாரும் ஐ.சி.யூ.வுக்குப் போவதில்லை. தனித்தமிழ் என்று இதைத் தூக்கிப்பிடிப்பவர்களுக்கு ஒன்று: இது ஐரோப்பியர்களின் பழைய பேச்சுவழக்கை அப்படியே பெயர்த்தது. ‘பிளட் பாய்சனிங்’ என்று அவர்கள் சொன்னதைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் தமிழ்ச் சிந்தனை ஆகிவிடாது. ‘சீழ்ப்பிடிப்பு’ என்போரும் உண்டு. சீழே இல்லாமல் செப்சிஸ் வரும் என்பதால் அதுவும் ஆகாது.

கிருமி உண்மையிலேயே ரத்தத்தில் இருந்தால் அது தனி நோய்நிலை, அதற்குத் தனிப் பெயர் வேண்டும். ‘ரத்தத் தொற்று’ என்றால் ரத்தம் வழியே பரவும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி என்று எடுத்துக்கொள்வார்கள். ‘குருதியோட்டத் தொற்று’ என்பதே சரி. ஐ.சி.யூ.வில் இதற்குப் பெரிய வாசல், மருந்து ஏற்றக் கழுத்தின் பெரிய ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன் என்ற குழாய். காய்ச்சல் ஏறினால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் லைனிலிருந்து ஒரு முறை, கையிலிருந்து ஒரு முறை ரத்தம் எடுத்துத் தனித்தனிப் புட்டிகளில் அனுப்புவார்கள். இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்து, லைன் புட்டி மட்டும் 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டால் குற்றவாளி அந்த லைன்தான். இத்தனை நுட்பமாகப் பிரித்தறியும் துறையில், செப்சிஸ், குருதியோட்டத் தொற்று இரண்டையும் ‘நச்சேற்றம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம்.

செப்சிஸை அப்படியே செப்சிஸ் என்று எழுதலாம் என்பது என் கட்சி. தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘தொற்றுச் சீர்குலைவு’ என்பேன். காரணம் தொற்று, கெட்டது உடலின் சீர். இரண்டும் அதில் இருக்கின்றன.

‘தீவிர’ என்ற சொல் படும் பாடு இன்னும் மோசம். இன்டென்சிவ், சிவியர், அக்யூட் மூன்றுக்கும் அதையே போடுகிறார்கள். அக்யூட் என்பது நோய் எவ்வளவு விரைவில் வந்தது என்பதைச் சொல்கிறது, சிவியர் எவ்வளவு முற்றியது என்பதை. ‘தீவிர சிகிச்சைப் பிரிவில் தீவிர சிறுநீரகப் பாதிப்பு’ என்று படிப்பவருக்கு, நேற்றுவரை நன்றாயிருந்த சிறுநீரகம் இன்று திடீரெனப் பழுதானது எப்படித் தெரியும்? அகராதியின் முதல் சொல்லோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர்கள்தான் சம்மதப் படிவங்களையும் எழுதுகிறார்கள். அதில் இப்படி எழுதட்டும்: ‘உங்கள் தந்தைக்கு நுரையீரலில் தொற்று. அதை எதிர்க்கும் முயற்சியில் உடம்பின் சீர் குலைந்து சிறுநீரகம் திடீரெனப் பழுதாகியிருக்கிறது. இதற்குப் பெயர் செப்சிஸ்.’