இரண்டு டிகிரி குளிர்ச்சி

"திருமணமாகி நான்கு ஆண்டுகள். எனக்கு ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய்ப் படம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. கணவருக்கும் பார்க்க வேண்டுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், அம்மா. குழந்தைக்காக ஏங்கும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்து, ஒரு சிறு குப்பியில் விந்து மாதிரி கொடுத்தால் போதும். மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ் எல்லை. குறைந்திருந்தால் சில வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள்.

விந்தணு நன்றாக உருவாக, உடல் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவான வெப்பம் வேண்டும். விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவது அதற்காகத்தான். ஆனால் உள்ளே வரும் இரத்தம் 37 டிகிரிச் சூட்டோடுதானே வருகிறது? இங்கேதான் எனக்கு வியப்பு தீர்வதில்லை. கீழிறங்கும் தமனியைச் சுற்றிலும் மெல்லிய சிரைகள் அவரைக்கொடிபோலப் பின்னிப் படர்ந்திருக்கின்றன. அவற்றில் மேலேறும் குளிர்ந்த இரத்தம், எதிரே வரும் சூட்டை வழியிலேயே வாங்கி உடலுக்குத் திருப்பி எடுத்துப் போய்விடுகிறது. விரையைத் தொடுமுன்பே தமனி இரத்தம் ஆறிவிடுகிறது.

இந்தச் சிரைகளின் வால்வுகள் பழுதானால் இரத்தம் தேங்கிப் புடைக்கும், வெப்பம் ஏறும். இதுதான் வெரிகோசீல். பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும்: அந்தச் சிரை சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது, வலப்பக்கத்துச் சிரையோ பெருஞ்சிரையில் சாய்வாகச் சேர்கிறது. நிற்கவைத்துத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் விரலுக்கு, பைக்குள் மண்புழுக்கள் சுருண்டிருப்பதுபோலத் தட்டுப்படும். இது இருந்தும் தந்தையானவர்கள் ஏராளம். விந்தணுக்கள் குறைந்திருந்தால், நுண்ணோக்கி உதவியுடன் அச்சிரைகளைக் கட்டிவிடலாம்.

விந்தணுவே இல்லையென்றால், பாதை அடைப்பா உற்பத்திக் குறைவா என்று பிரித்தறிய வேண்டும். விரையிலிருந்து ஒரு விந்தணு கிடைத்தாலும் அதைக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை 1992 முதல் இருக்கிறது. ஆண்மைக்கென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது; மூளையின் கட்டளை நின்று, உள்ள உற்பத்தியும் படுத்துவிடும்.

பெண்ணை அரசமரம் சுற்றவைத்துவிட்டு ஆணுக்கு லேகியம் விற்கும் வழக்கம் எனக்குக் கோபமூட்டுகிறது. அதில் கரைவது அவளுடைய வயது.

சிரைகளைக் கட்டும் அறுவை சிகிச்சை முடிந்த உடனே விந்தணுக்களை எண்ணிப் பார்த்து மனமுடைய வேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், முதிர்ந்து வெளிவர இன்னும் சில நாள். சிகிச்சையன்று பிறக்கத் தொடங்கியது மூன்றாம் மாதம்தான் குப்பிக்கு வந்து சேரும்.