மதிப்பீடு வேறு, குத்துமதிப்பு வேறு

கணக்கு ஆசிரியர்களுக்கான பயிற்சித் தாள்களில் 'எண் கோட்டில் இட மதிப்பீடு' என்ற தலைப்பு கண்ணில் படும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் 'நம்பர் லைன் எஸ்டிமேஷன்' என்பதை இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். எண் கோட்டில் எங்கே வரும் என்று அளக்காமல் பார்த்துச் சொல்வதுதான் அது. ஒன்று, பத்து, நூறு என்று இடமதிப்பு படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் 'இட மதிப்பீடு' என்று நீட்டினால் அது என்ன செய்யும்? திருமங்கலம் பக்கம் ஒரு வகுப்பில் பார்த்தேன். தாளில் ஒரு வெறுங்கோடு, இந்த முனையில் 0, அந்த முனையில் 1000. 150 எங்கே வரும் என்று புள்ளி வைக்க வேண்டும். ஒரு சிறுமி கோட்டைத் தொடவே இல்லை. அதற்குக் கீழே '1 நூறு, 5 பத்து, 0 ஒன்று' என்று அழகாக எழுதி நீட்டினாள். தலைப்பு கேட்டதற்குச் சரியான விடைதான்!

எஸ்டிமேட் என்ற சொல்லின் வேர் இலத்தீன். விலை வைப்பது என்று பொருள். வீடு கட்ட மேஸ்திரி எஸ்டிமேட் போடுகிறாரே, அங்கே மதிப்பீடு பொருந்தும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் அந்தச் சொல் ஏற்கெனவே விலைபோய்விட்டது. மதிப்பெண், இடமதிப்பு, முகமதிப்பு, தொடர் மதிப்பீடு என்று ஒரு குடும்பமே குடியிருக்கிறது. மதிப்பீடு என்றாலே பிள்ளைகளுக்குப் பரீட்சைதான்.

இந்தப் பயிற்சியில் நடப்பது அளப்பதும் இல்லை, கணக்குப் போடுவதும் இல்லை. உளவியலாளர்கள் ராபர்ட் சீக்லரும் ஜான் ஆப்ஃபரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 0–1000 கோட்டில் சின்ன எண்களைத் தாராளமாகப் பரப்பிவிட்டுப் பெரிய எண்களைக் கடைசியில் நெருக்கியடித்து வைத்தார்கள். அதே பிள்ளைகள் 0–100 கோட்டில் ஏறக்குறையச் சீராக வைத்தார்கள். பெரியவர்களுக்கு ஆயிரம் வரைக்கும் இடைவெளி சீராகவே வந்தது. பாதி எங்கே, கால் எங்கே என்று மனசுக்குள் அடையாளம் வைத்துக்கொண்டு புள்ளி வைக்க அவர்களுக்குத் தெரியும். 0–1000 கோட்டில் 150-ஐ 400 இருக்க வேண்டிய இடத்தில் வைத்தால், பிழை கோட்டின் நீளத்தில் 25 சதவீதம். இதெல்லாம் கண்ணும் மனசும் சேர்ந்து போடும் உத்தேசக் கணக்கு.

அப்படியானால் உத்தேசம் என்றே சொல்லலாமே என்பார்கள். வடமொழி என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. "என்ன உத்தேசத்தில் வந்தாய்?" என்றும் கேட்கிறோம், நோக்கம் என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கணிப்பு என்றால் ஜாதகமும் தேர்தலும் முன்னால் வந்து நிற்கின்றன. ஊகம் என்றால் துப்புக்கூட இல்லாமல் அடித்துவிடுவது.

தோராயம்தான் கெட்டிக்காரப் போட்டியாளர், ஆனால் அதன் வேலை வேறு. 3.14159 என்று நீளும் பை (π) என்ற எண்ணை 3.14 என்று நிறுத்துகிறோமே, அது தோராயம். இன்னும் துல்லியமான மதிப்பு கையில் இருக்கிறது, வசதிக்காகக் குறைத்துக்கொள்கிறோம். கையில் ஒன்றும் இல்லாமல், பார்த்த மாத்திரத்தில் சொல்வது குத்துமதிப்பு. மேலூர்ப் பக்கம் களத்தில் நெல் அம்பாரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "குத்துமதிப்பா நாப்பது மூட்டை தேறும்" என்பார்கள். அங்கே தோராயம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டையும் ஒன்றாக்கிய பாடநூல் மொழியில்தான், முழுமையாக்கலும் (ரவுண்டிங்) எஸ்டிமேஷனும் ஒரே பாடம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

குத்துமதிப்பு கொச்சையாம். யார் சொன்னது? அகராதியில் முதலில் வரும் பொருளை அப்படியே ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள் சொல்வது. அம்மா சமையல்கட்டில் சொன்ன சொல் என்றால் அறிவியலுக்கு ஆகாது என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு. குத்துமதிப்புக்குள்ளும் மதிப்பு இருக்கிறதே என்று மடக்குவார்கள். இருக்கட்டும். முன்னால் நிற்கும் 'குத்து' பரீட்சை வாசனையை விரட்டிவிடுகிறது, குழப்பம் வருவதில்லை.

'150-இன் இடத்தைக் குத்துமதிப்பாகக் குறி' என்று எழுதினால் மூன்றாம் வகுப்புக்கும் புரியும். ஆய்வாளருக்குக் 'குத்துமதிப்புப் பிழை' போதும். ஆசிரியர் அறிக்கையில் 'பிள்ளைகளின் குத்துமதிப்பை மதிப்பீடு செய்தேன்' என்று இரண்டு சொல்லையும் ஒரே வரியில் வைக்கலாம். இப்போதைய வழக்கில் அதே வரியை எழுத வேண்டுமானால் 'மதிப்பீட்டை மதிப்பீடு செய்தேன்' என்றுதான் எழுத வேண்டும்.