பினாலஜி என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்து ஆளின் குணத்தைச் சொன்ன பிரெனாலஜியையும் பினாலஜியையும் ஒன்றாக எண்ணுவோர் உண்டு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. பிரெனாலஜி எப்போதோ செத்துப்போன போலி அறிவியல். ஒரு மரம் எப்போது தளிர்க்கிறது, எப்போது பூக்கிறது, வலசைப் பறவை எந்த வாரம் வந்து இறங்குகிறது என்று ஆண்டுதோறும் திரும்பி வரும் நிகழ்வுகளின் தேதிகளைக் குறித்துவைத்து, அவை ஏன் முந்துகின்றன, ஏன் பிந்துகின்றன என்று ஆராய்வதுதான் பினாலஜி.

'பைனோ' என்ற கிரேக்க வினைச்சொல்லுக்குக் காட்டுதல், வெளிப்படுத்துதல் என்று பொருள். நிகழ்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'பினாமினன்' பிறந்ததும் இதே வேரில்தான். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் தாவரவியலர் சார்ல் மோரன் 1849இல் பினாலஜி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயர் வைக்கும் முன்பே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736இல் தொடங்கி முதல் பூ, முதல் இலை, முதல் குயில் கூவல் என்று எழுதிவந்தார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1958 வரை தொடர்ந்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாள்கள் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. பூ உச்சத்தைத் தொட்ட தேதி 2021இல் மார்ச் 26. அந்த நீண்ட பதிவில் அதுவரை அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பருவவியல்' சுருக்கமாக இருக்கிறது. ஆனால் பருவம் என்றால் வயதும்தான், அதனால் விடலைப் பிள்ளைகளைப் பற்றிய படிப்பு போல ஒலிக்கிறது. 'காலநிலையியல்' வேறு துறை, அது வெப்பமும் மழையும் பல ஆண்டுகளில் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது. 'பருவ நிகழ்வியல்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தத்துவத்தில் நிகழ்வியல் என்று வேறொன்று இருந்தாலும் முன்னால் நிற்கும் 'பருவ' குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

பருவம் பழைய சொல். குறுந்தொகையின் 66ஆம் பாடலில், பிரிந்து சென்றவர் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை. அதற்குள் கொன்றை பூத்துவிட்டது. தோழி என்ன சொல்கிறாள்? கொன்றைக்கு அறிவில்லை, 'வம்ப மாரி'யைக் கார்காலம் என்று நம்பிவிட்டது என்கிறாள். வம்ப மாரி என்றால் காலமல்லாக் காலத்தில் பெய்யும் மழை. தலைவியைத் தேற்ற அவள் சொல்வது பொய்யாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மரம் எந்த அடையாளத்தை நம்பிப் பூக்கிறது என்பதுதான் இன்றைக்கும் இத்துறையின் நடுக் கேள்வி. வெப்பத்தை நம்புகிறதா, பகலின் நீளத்தையா, மழையையா? பகலின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறாது, வெப்பம் மாறும். அதனால் வெப்பத்தை நம்பும் புழு முந்திக்கொள்ள, பகலின் நீளத்தை நம்பி வரும் பறவை இரை தீர்ந்த பிறகு வந்து சேரும் நிலையும் உண்டு.

கைப்பேசியின் வானிலைச் செயலி இதில் எதையும் சொல்லாது. வெப்பநிலை எத்தனை பாகை, மழைக்கு எத்தனை சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். அது வானத்தின் கணக்கு. ஆண்டு முழுக்க ஒரே குளிரில் இருக்கும் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவருக்குப் பருவம் என்பது நாள்காட்டியில் ஒரு கட்டமாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் கைப்பேசியையே குறை சொல்லவும் முடியாது. எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது தேதியைப் பதிந்துவிடுகிறது. ஒரே மரத்தை அவ்வப்போது படமெடுத்தவரிடம், அவர் அறியாமலே ஒரு பருவப் பதிவேடு சேர்ந்திருக்கும். இந்தியாவில் சீசன்வாட்ச் திட்டம் மக்களிடம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்: ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாராவாரம் இலை, பூ, காய் எப்படி இருக்கின்றன என்று குறித்து அனுப்புங்கள்.

குறிப்பதற்குச் சொல் வேண்டுமே. ஐரோப்பாவில் உருவான பிபிசிஎச் அளவுகோல் செடியின் வளர்ச்சியை 00 முதல் 99 வரை எண்களாக்கி வைத்திருக்கிறது. நம்மிடம் பெயர்களாகவே இருக்கின்றன. இலைக்குக் கொழுந்து, தளிர், பழுப்பு, சருகு. பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். விரியப்போகும் அரும்புக்குப் 'போது' என்று பெயர், அதுவே பொழுதையும் குறிக்கும் சொல். மாந்தளிரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முதலில் செம்பு நிறத்தில், நனைந்த துணி போலத் துவண்டு தொங்கும். பிறகுதான் விறைப்பேறிப் பச்சையாகும். அந்தத் தளிரின் நிறத்தை ஒத்த மேனிக்கு 'மாமை' என்றே பெயர் வைத்தார்கள். இவ்வளவு சொற்களையும் நாம் வைத்துக்கொண்டு 'பூத்திருக்கிறது' என்ற ஒன்றோடு நிறுத்திக்கொள்வது கஞ்சத்தனம்.

இந்த நிலைகளைப் பொதுவாகப் 'பினோபேஸ்' என்பார்கள். 'பருவநிலை' என்று மொழிபெயர்க்கத் தோன்றும், வேண்டாம். 'பருவநிலை மாற்றம்' என்று செய்தித்தாள்கள் வேறொன்றுக்குப் பழக்கிவிட்டன. 'பருவக் கட்டம்' எனலாம். ஆய்வாளர் 'பருவ நிகழ்வியலர்'. நீங்களும் நானும் எழுதிவைப்பது 'பருவக் குறிப்பு': தேதி, மரம், கட்டம் மூன்றும் இருந்தால் ஒரு குறிப்பு முழுமை. தேதியைப் போட்டு 'மா, தளிர் பாதிக்குமேல், பூ இல்லை' என்று எழுதினாலும் செல்லும். பூ இல்லை என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் முதல் பூ எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.