முகம் பொருந்தினால் ஆள் அவர்தானா?

போன வாரம் ஓர் அம்மா மகனை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து பேருந்து நிலையத்தில் நின்ற பையனை ரோந்து போலீசார், முகத்தை வைத்து ஆளைத் தேடும் மென்பொருள் உள்ள போனில் படமெடுத்திருக்கிறார்கள். திரையில் வந்தது பழைய திருட்டு வழக்கு ஒன்றில் தேடப்படுபவரின் படம். விடிய விடிய ஸ்டேஷன் பெஞ்ச். படத்தில் இருப்பவருக்கு இடது புருவத்தில் தழும்பு, இவனுக்கு இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. “கம்ப்யூட்டரே சொல்லுதும்மா” என்றார்களாம். கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவே இல்லை. “உங்களிடம் உள்ள படங்களில் இந்த முகச் சாயலுக்கு நெருக்கமானது இது” என்கிறது, அவ்வளவுதான். உண்மையான ஆளின் படம் அந்தத் தொகுப்பிலேயே இல்லாவிட்டாலும் வேறு யாரையாவது காட்டிவிடும். 80 சதவீதம் பொருத்தம் என்றால், அவராக இருக்க 80 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமே இல்லை. அது சாயலுக்குப் போட்ட மதிப்பெண். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் ஒப்பீட்டுக்கு ஒன்றுதான் தவறாகும் என்று வைத்துக்கொண்டாலும், 5 லட்சம் படங்களோடு ஒப்பிட்டால் 500 தவறான ஆட்கள். டெல்லி காவல்துறையோ, 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக 2022-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் தந்தது.

2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் கடிகாரத் திருட்டுக்காக ஒருவரை மனைவி, குழந்தைகள் கண்ணெதிரே விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். கருவி எடுத்துக் கொடுத்தது அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படம். அதை வேறு ஐந்து படங்களோடு வைத்து ஒருவரிடம் காட்ட, அவர் இதைத் தொட்டார். அவர் திருட்டை நேரில் பார்த்தவரே அல்ல, கேமரா பதிவை மட்டும் பார்த்தவர். சாயல் பார்த்து எடுத்த படம் சாயலாகத்தானே இருக்கும்? வழக்கு 2024-ல் 3 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

இளம் வக்கீல்களே, அடையாள அணிவகுப்புக்கு, அதாவது பலரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்வதற்கு முன்பு, சாட்சியிடம் படம் காட்டினார்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்காமல் விடாதீர்கள்.

நம் தமிழ்நாட்டிலும் 2021 அக்டோபரிலிருந்து இந்த மென்பொருள் இருக்கிறது. 2024 மே மாதம் அந்த மென்பொருளின் இணையதளத்துக்குள்ளேயே ஹேக்கர்கள் ஊடுருவி விட்டார்கள். விடுதலையான பிறகும் உங்கள் படம் அங்கே கிடக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையாகி, மேல்முறையீடுகளும் முடிந்துவிட்டால், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாதவரை பதிவை அழிக்க வேண்டும் என்கிறது 2022-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம்.

அப்புறம், பிடித்துவிட்டால் கத்தாதீர்கள், ஓடாதீர்கள். கைதா, விசாரணையா என்று கேளுங்கள். கைது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடவே போடாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் அழுதுகொண்டிருக்காமல் சம்பவத் தேதியைக் கேட்டு வாங்குங்கள், தயவுசெய்து. அன்றைய வருகைப் பதிவு, பஸ் டிக்கெட், ஜிபே ரசீது, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். கேமரா பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும், அதனால் அன்றைக்கே ஓடுங்கள். அந்த அம்மா விடிந்ததும் நேரே மகனின் கம்பெனிக்குப் போய், திருட்டு நடந்த நாளின் வருகைப் பதிவை நகலெடுத்து வந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள்.